வரவேற்பாளரை வேலைக்கு எடுக்கும் முன்: சம்பளத்தையும் முழுச் செலவையும் கணக்கிடும் முறை

சிறு நிறுவனங்களுக்குச் சம்பளக் கணக்கு எழுதுவது என் வேலை. புதிதாக வரவேற்பாளர் வைக்க நினைக்கும் முதலாளிகள் எடுத்தவுடன் கேட்பது, "மாதம் எவ்வளவு கொடுக்கலாம்?" என்பதைத்தான். அது நான்காவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. அதற்கு முன்னால் மூன்று கணக்குகள் இருக்கின்றன. அவற்றைத் தாண்டிக்கொண்டு சம்பளத்துக்குப் போகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் இரண்டில் ஒன்றைச் சந்திக்கிறார்கள்: வந்தவர் வேலையை விட்டுப் போய்விடுகிறார், அல்லது பட்ஜெட் உதைக்கிறது.

இந்த வழிகாட்டி தமிழ்நாட்டில் உள்ள கடைகள், வணிக அலுவலகங்களுக்கானது. மருத்துவமனை, ஹோட்டல் போன்றவற்றுக்குத் தனி விதிகள் உண்டு. ஆனால் கணக்கிடும் வரிசை அவற்றுக்கும் இதுதான்.

கோவை காந்திபுரத்தில் ஒன்பது பேர் வேலை செய்யும் ஓர் அலுவலகத்தை உதாரணமாக வைத்துக்கொள்வோம். அங்கே சேரப்போகும் வரவேற்பாளர் பத்தாவது ஆள். பத்து என்ற எண்ணை நினைவில் வையுங்கள்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

வருகைப் பதிவேடு, கடைசி மூன்று மாதச் சம்பளப் பட்டியல், உங்கள் தொழிலுக்கான குறைந்தபட்ச ஊதிய அறிவிப்பு, அலுவலகத் தொலைபேசியின் அழைப்புப் பட்டியல், ஒரு கோடு போட்ட நோட்டு. ஊதிய அறிவிப்பைத் தொழிலாளர் துறையின் இணையதளத்திலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். நண்பர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் படம் பெரும்பாலும் பழைய ஆண்டுக்கானதாக இருக்கும்.

1. மேசைக்கு வரும் வேலையை ஒரு வாரம் எழுதுங்கள்

நோட்டில் ஐந்து பத்திகள் போடுங்கள்: நேரம், வந்தவர் அல்லது அழைத்தவர், எதற்காக, யார் கவனித்தார், எத்தனை நிமிடம். திங்கள் முதல் சனி வரை அலுவலகத்தில் யார் தொலைபேசியை எடுத்தாலும், யார் வாசலில் வந்தவரிடம் பேசினாலும் ஒரு வரி எழுத வேண்டும். எடுக்காமல் விட்ட அழைப்புகளை அன்று மாலையே அழைப்புப் பட்டியலைப் பார்த்துச் சேர்த்துவிடுங்கள்.

இதைச் செய்யாமல் எடுக்கும் முடிவுகள் ஊகமாகத்தான் இருக்கும். நாள் முழுவதும் ஆள் தேவை என்று உறுதியாகச் சொன்ன முதலாளியின் நோட்டில், காலை 10 முதல் 12 வரையும் மாலை 5 முதல் 7 வரையும்தான் வரிகள் நிறைந்திருக்கும். நடுப்பகலில் வரிகள் இருக்காது. ஆனால் எடுக்காமல் விட்ட அழைப்புகள் 1 மணிக்கும் 2 மணிக்கும் இடையில் குவிந்திருக்கும், எல்லோரும் சாப்பிடப் போயிருப்பார்கள்.

வாரம் முடிந்ததும் வேலைகளை இரண்டாகப் பிரியுங்கள். வந்தவரை அமரவைப்பது, அழைப்பை மாற்றிவிடுவது, கூரியர் வாங்குவது ஒரு வகை. ரசீது போடுவது, பணம் வாங்குவது, டேலி என்ற கணக்கு மென்பொருளில் பதிவது, வாடிக்கையாளரிடம் பாக்கியை நினைவூட்டுவது மற்றொரு வகை. இரண்டாவது வகை அதிகமாக இருந்தால் உங்களுக்குத் தேவை கணக்கு எழுதவும் தெரிந்த வரவேற்பாளர். அவருக்கான சம்பளம் வேறு. வரவேற்பாளர் என்று விளம்பரம் செய்துவிட்டு எழுத்தர் வேலையையும் தலையில் கட்டுவதுதான், சேர்ந்தவர்கள் மூன்றே மாதத்தில் விலகுவதற்கு நான் அதிகம் பார்த்த காரணம்.

2. மேசையில் எத்தனை மணி நேரம் ஆள் வேண்டும்?

அலுவலகம் காலை 9.30 முதல் இரவு 7.30 வரை, வாரம் ஆறு நாள் திறந்திருக்கிறது என்றால் மேசைக்கு 60 மணி நேரம் ஆள் வேண்டும். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படி ஒருவரின் வழக்கமான வேலை நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம். முழு நேரமும் ஒரே ஆள் இருந்தால், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் கழித்தாலும் அவர் நாளுக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 54 மணி நேரம் உழைக்கிறார். மிகைநேரத்தையும் சேர்த்துச் சட்டம் அனுமதிக்கும் உச்ச வரம்பே அதுதான்.

மிகைநேரத்துக்கு இரட்டிப்பு ஊதியம் தர வேண்டும். மாதம் 15,000 ரூபாய் வாங்குபவருக்கு 26 நாள், 8 மணி நேரம் என்று வகுத்தால் மணிக்கு ஏறத்தாழ 72 ரூபாய், இரட்டிப்பாக 144. வாரம் 6 மணி நேரம் என்றால் மாதத்துக்குச் சுமார் 26 மணி நேரம், அதாவது 3,750 ரூபாய். இது சம்பளத்தில் நான்கில் ஒரு பங்கு. அதைக் கொடுக்காமல் "கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்" என்று சொல்லி வாங்கும் வேலை, அவருக்கு நீங்கள் வைக்கும் கடன்.

இதைத் தவிர்க்க வழி இருக்கிறது. வரவேற்பாளரின் நேரத்தைக் காலை 10 முதல் மாலை 7 வரை என்று வைத்து, முதல் அரை மணியையும் கடைசி அரை மணியையும் ஏற்கெனவே இருப்பவர்களில் ஒருவர் பார்த்துக்கொள்ளலாம், அவருடைய 48 மணி நேரத்துக்குள் அது அடங்கினால். சாப்பாட்டு வேளையில் மேசையில் யார் என்பதையும் இப்போதே பெயர் போட்டு எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால் வரவேற்பாளர் டிபன் பாக்ஸை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டு, ஒரு கையால் சாப்பிட்டு மறு கையால் தொலைபேசியை எடுப்பார். பல அலுவலகங்களில் அதுதான் நடக்கிறது.

இரவு 8 மணிக்கு மேல் வேலை உண்டென்றால், பெண் ஊழியரிடம் எழுத்துப்பூர்வமாக ஒப்புதல் வாங்குவதோடு பாதுகாப்புக்கும் போக்குவரத்துக்கும் ஏற்பாடு செய்ய வேண்டும். அந்த வாகனச் செலவும் பட்ஜெட்டில் சேர வேண்டியதே.

3. தலைகளை எண்ணுங்கள்: பத்தும் இருபதும்

புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. வரவேற்பாளரின் சம்பளத்தை மட்டும் பார்க்கிறார்கள். அவர் வருகையால் மற்றவர்கள் கணக்கில் ஏற்படும் மாற்றம் கண்ணில் படுவதில்லை.

ஊழியர் எண்ணிக்கை பத்தைத் தொட்டால், இ.எஸ்.ஐ. என்ற ஊழியர் அரசுக் காப்பீட்டுத் திட்டமும், விலகும்போது பணிக்காலத்துக்கு ஏற்பத் தரும் பணிக்கொடையும் (கிராஜுவிட்டி) பொருந்தும். பாலியல் துன்புறுத்தல் தடுப்புக்கான 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி உள் புகார்க் குழுவும் அமைக்க வேண்டும். இருபதைத் தொட்டால் வருங்கால வைப்பு நிதியும் சட்டப்படியான போனஸும் சேர்ந்துகொள்ளும்.

எண்ணும்போது இரண்டு தவறுகள் நடக்கின்றன. மாதம் 21,000 ரூபாய்க்கு மேல் வாங்குபவர் இ.எஸ்.ஐ.க்குள் வரமாட்டார் என்பதால் அவரை எண்ணிக்கையிலும் விட்டுவிடுகிறார்கள். அவருக்குச் சந்தா இல்லை, ஆனால் தலை எண்ணிக்கையில் அவர் உண்டு. அடுத்தது, ஒப்பந்தக்காரர் அனுப்பும் துப்புரவுப் பணியாளரையும் காவலாளியையும் "நம் ஆள் இல்லை" என்று ஒதுக்குவது. அவர்களையும் எண்ண வேண்டும்.

நம் உதாரணத்துக்கு வருவோம். ஒன்பது பேரும் மாதம் 18,000 ரூபாய் வாங்குகிறார்கள் என்று கொள்வோம். பத்தாவது ஆள் வந்தவுடன் அந்த ஒன்பது பேருக்கும் முதலாளி 3.25 சதவீதம் இ.எஸ்.ஐ. கட்ட வேண்டும். ஒருவருக்கு 585 ரூபாய், ஒன்பது பேருக்கு 5,265 ரூபாய். ஒவ்வொரு ஆண்டுப் பணிக்கும் 15 நாள் ஊதியம் என்ற பணிக்கொடைக் கணக்கில் ஒருவருக்கு மாதம் ஏறத்தாழ 865 ரூபாய் எடுத்துவைக்க வேண்டும். அது ஒன்பது பேருக்கு 7,788 ரூபாய். ஆக, வரவேற்பாளருக்கு ஒரு ரூபாய் கொடுப்பதற்கு முன்பே மாதம் 13,053 ரூபாய் பட்ஜெட்டில் ஏறிவிட்டது.

இந்தத் தொகையைப் பார்த்ததும் சிலர், "பதிவேட்டில் காட்டாமல் வைத்துக்கொள்ளலாமா?" என்று கேட்கிறார்கள். கூடாது. ஆய்வில் தெரியவந்தால் நிலுவையோடு வட்டியும் இழப்பீடும் கட்ட வேண்டும். அதைவிட முக்கியம், அந்த ஊழியருக்கும் அவர் குடும்பத்துக்கும் கிடைக்க வேண்டிய மருத்துவம் கிடைக்காமல் போகும். முதலாளிக்கும் இதில் பாதுகாப்பு இருக்கிறது. இ.எஸ்.ஐ.யில் தகுதி பெற்ற பெண்ணுக்கு 26 வார மகப்பேறுக் கால ஊதியத்தை இ.எஸ்.ஐ. கழகமே தருகிறது. அது இல்லாத இடத்தில் மகப்பேறு விடுப்புச் சட்டம் பொருந்தினால் அந்த ஆறு மாதச் சம்பளம், 15,000 வாங்குபவருக்கு 90,000 ரூபாய், உங்கள் கையிலிருந்துதான் போகும். "பெண்களை எடுத்தால் செலவு" என்று பேசுகிறவர்களுக்கு நான் காட்டுவது இந்தக் கணக்கைத்தான். மாதம் ஐந்நூறு ரூபாய்க்கும் குறைவான சந்தாவில் முடிந்துபோகும் விஷயம் அது.

ஒருமுறை இ.எஸ்.ஐ.க்குள் வந்த நிறுவனம், பிறகு ஆள் குறைந்தாலும் அதற்குள்ளேயே இருக்கும். அதனால் இந்த முடிவை எடுக்கும்போது நிரந்தரச் செலவாகவே கருதுங்கள்.

4. சம்பளம்: முதலில் சட்டத்தின் தரை, பிறகு ஊர் நிலவரம்

இப்போதுதான் சம்பளம். தரை என்பது உங்கள் தொழிலுக்கான குறைந்தபட்ச ஊதியம். அதில் அடிப்படை ஊதியம், அகவிலைப்படி என்று இரண்டு பகுதிகள் உண்டு. அகவிலைப்படி ஒவ்வொரு ஏப்ரல் 1 அன்றும் விலைவாசிக் குறியீட்டை ஒட்டி மாறும். அடிப்படைத் தொகையை மட்டும் பார்த்துவிட்டு, "நாம் அதைவிட அதிகம் கொடுக்கிறோம்" என்று நிம்மதி அடைவது வழக்கமான பிழை. இரண்டையும் கூட்டிய தொகையோடு ஒப்பிடுங்கள்.

ஊர் நிலவரத்துக்கு, அதே கட்டடத்திலோ தெருவிலோ உள்ள மூன்று அலுவலகங்களில் விசாரியுங்கள், அண்மைய விளம்பரங்கள் சிலவற்றையும் பாருங்கள். சென்னை, கோவை போன்ற நகரங்களில் வரவேற்பாளர் வேலை விளம்பரங்கள் பெரும்பாலும் 12,000 முதல் 20,000 ரூபாய்க்குள் இருக்கும். அந்த வரம்பின் கீழ்முனை, சில தொழில்களில் குறைந்தபட்ச ஊதியத்துக்கும் கீழே போய்விடக்கூடும். ஆகவே விளம்பரத்தில் வந்துவிட்டதாலேயே அது சட்டத்துக்கு உட்பட்ட தொகை என்று நினைக்காதீர்கள்.

சம்பளத்தை மேலே தள்ளும் விஷயங்கள் சில: ஆங்கிலத்திலும் இந்தியிலும் தடுமாறாமல் பேசுவது, பணம் கையாளும் பொறுப்பு, டேலி தெரிந்திருப்பது, ஞாயிறு வேலை, இரவு தாமதமாக முடியும் நேரம். பயணமும் முக்கியம். சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் சிங்காநல்லூரிலிருந்து வருபவருக்குப் பயணச் செலவு பெரும்பாலும் இல்லை. பொள்ளாச்சியிலிருந்து வருபவர் புறநகர்ப் பேருந்துக்குத் தினமும் டிக்கெட் எடுக்க வேண்டும். இருவருக்கும் ஒரே சம்பளம் என்றால் முதலில் விலகுபவர் யார் என்று சொல்லத் தேவையில்லை.

அடிப்படை ஊதியத்தை 5,000 என்று காட்டி மீதியை எல்லாம் படிகளாக (அலவன்ஸ்) பிரிக்கும் பழைய உத்தியைக் கைவிடுங்கள். எல்லோருக்கும் வழக்கமாகக் கொடுக்கும் படிகளும் வைப்பு நிதிக் கணக்கில் சேரும் என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் தீர்ப்பளித்துவிட்டது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, ஊதியக் கணக்கிலிருந்து விலக்கப்பட்ட படிகள் மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டிய பகுதி ஊதியமாகவே கருதப்படும்.

5. முழுச் செலவைக் கூட்டுங்கள்

நம் அலுவலகம் 15,000 ரூபாய் என்று தீர்மானிக்கிறது, முழுவதும் ஊதியமாக. மாதக் கணக்கு இப்படி வரும்:

சம்பளம்: 15,000
இ.எஸ்.ஐ., முதலாளி பங்கு 3.25 சதவீதம்: 488
தீபாவளி போனஸுக்கு எடுத்துவைப்பது: 1,250
பணிக்கொடைக்கு எடுத்துவைப்பது: 721
கூட்டுத்தொகை: 17,459

இருபது பேருக்குக் குறைவான இடத்தில் போனஸ் சட்டப்படிக் கட்டாயம் இல்லை. ஆனால் தமிழ்நாட்டில் தீபாவளிக்கு ஒன்றும் கொடுக்காத அலுவலகத்தில் யாரும் நிலைப்பதில்லை. சட்டம் சொல்லும் 8.33 சதவீதம் என்பது ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளம்தான். அதனால் எந்த நிறுவனமாக இருந்தாலும் இந்த வரியை எழுதிவிடச் சொல்கிறேன்.

இருபது பேர் உள்ள நிறுவனமானால் வைப்பு நிதி சேரும்: முதலாளி பங்கு 12 சதவீதம் 1,800 ரூபாய், காப்பீட்டுக்கு அரை சதவீதம் 75, நிர்வாகக் கட்டணம் அரை சதவீதம் 75. மொத்தம் 1,950. முதல் இரண்டையும் மட்டும் பார்த்து நிர்வாகக் கட்டணத்தை மறப்பவர்கள் பலர். நிறுவனத்துக்கு மாதம் குறைந்தது 500 ரூபாய் என்ற கீழ்வரம்பும் அதற்கு உண்டு. வைப்பு நிதியோடு மாதச் செலவு 19,409 ரூபாய் ஆகிறது.

ஊழியர் கையில் வருவதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். பத்துப் பேர் நிறுவனத்தில் இ.எஸ்.ஐ. பிடித்தம் 113 ரூபாய் போக 14,887. வைப்பு நிதியும் பிடிக்கும் நிறுவனத்தில் 13,087. உள்ளாட்சி அமைப்புக்குச் செல்லும் தொழில் வரி பொருந்தினால், அது அரையாண்டுக்கு ஒருமுறை தனியே கழியும். அதாவது நீங்கள் 19,409 செலவழிக்கிறீர்கள், அவர் 13,087 பார்க்கிறார். இந்த 6,322 ரூபாய் இடைவெளியை இருவரும் முன்கூட்டியே அறிந்திருந்தால் முதல் சம்பள நாளில் மனக்கசப்பு வராது.

6. அவர் வராத நாளுக்கும் பணம் ஒதுக்குங்கள்

வரவேற்பு மேசை ஆளில்லாமல் இருக்க முடியாது. மற்ற வேலையை நாளைக்குத் தள்ளலாம், வாசலில் நிற்பவரைத் தள்ள முடியாது. ஓராண்டு பணி முடித்தவருக்கு 12 நாள் ஊதியத்துடன் கூடிய விடுப்பு, 12 நாள் தற்செயல் விடுப்பு, 12 நாள் நோய் விடுப்பு என்று சட்டம் தருகிறது. ஆண்டுக்கு 24 நாளுக்காவது மாற்று ஆள் தேவைப்படும் என்று வையுங்கள். நாள் ஊதியம் 577 என்றால் 13,848 ரூபாய், மாதத்துக்கு 1,154.

இருப்பவரே பார்த்துக்கொள்வார் என்றால் பணம் மிச்சம்தான். ஆனால் அவருடைய வேலை அன்று நிற்கும். எந்த வேலை நின்றாலும் பரவாயில்லை என்று எழுத முடிந்தால் மட்டும் இந்த வரியை நீக்குங்கள்.

இன்னொரு ஒதுக்கீடும் வேண்டும். பழையவர் போய்ப் புதியவர் வரும்போது ஒரு மாதம் இருவரும் சேர்ந்து இருந்தால்தான் வாடிக்கையாளர் பெயரும் பழக்கமும் கைமாறும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆள் மாறுவதாகக் கொண்டால் 15,000 ரூபாயை 24 மாதத்துக்குப் பிரித்து மாதம் 625.

இவற்றையும் கூட்டினால் பத்துப் பேர் நிறுவனத்தில் மாதம் 19,238 ரூபாய், ஆண்டுக்கு 2,30,856. இருபது பேர் நிறுவனத்தில் 21,188, ஆண்டுக்கு 2,54,256. நம் காந்திபுரம் அலுவலகம் இதோடு முன்பு கண்ட 13,053-ஐயும் சேர்த்து மாதம் 32,291 ரூபாய்க்குத் தயாராக இருக்க வேண்டும். பணிக்கொடைப் பகுதி உடனே கையை விட்டுப் போகாது, தனிக் கணக்கில் இருக்கும். எனினும் அதைத் தொடக்கூடாது.

கணினி, தொலைபேசி இணைப்பு, நாற்காலி ஆகியவை ஒருமுறைச் செலவு. நாற்காலியில் மிச்சம் பிடிக்காதீர்கள். ஊழியர்களுக்கு இருக்கை வசதி தர வேண்டும் என்று 2021-இல் கடைகள் சட்டத்தில் திருத்தமே வந்தது. நாள் முழுக்க நிற்கும் ஜவுளிக்கடை ஊழியரை மனத்தில் வைத்து வந்த திருத்தம் என்றாலும், முதுகு சாயாத பிளாஸ்டிக் ஸ்டூலில் எட்டு மணி நேரம் இருப்பவருக்கும் அதே வலிதான்.

7. பன்னிரண்டு மாதத் தாளில் போடுங்கள்

ஆண்டுத் தொகையைப் பன்னிரண்டால் வகுத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் தீபாவளி மாதத்தில் திண்டாடுகிறார்கள். ஒரு தாளில் ஏப்ரல் முதல் மார்ச் வரை பத்திகள் போட்டு, பணம் உண்மையில் எந்த மாதம் வெளியே போகும் என்று எழுதுங்கள். ஏப்ரலில் அகவிலைப்படி உயர்வு, அக்டோபர் அல்லது நவம்பரில் போனஸ். சம்பளம் கூடினால் இ.எஸ்.ஐ., வைப்பு நிதி, பணிக்கொடை மூன்றும் கூடவே ஏறும். சம்பள உயர்வை மட்டும் எழுதி இவற்றை விட்டுவிடாதீர்கள்.

8. விளம்பரத்திலும் நேர்காணலிலும் தொகையைத் திறந்து சொல்லுங்கள்

"தகுதிக்கேற்ற சம்பளம்" என்று போட்டால் வரும் விண்ணப்பங்களில் பாதி வீண். மொத்தச் சம்பளம், கையில் வருவது, வேலை நேரம், வார விடுமுறை ஆகிய நான்கையும் எழுதுங்கள். "பெண்கள் மட்டும்", "திருமணமாகாதவர்" என்ற வரிகளை எடுத்துவிடுங்கள். ஆளெடுப்பில் பால் வேறுபாடு காட்டுவது சட்டத்துக்கு எதிரானது. திருமணமான பெண்களை ஒதுக்கும் அலுவலகம், பொறுப்போடு நெடுநாள் இருக்கக்கூடியவர்களைத்தான் இழக்கிறது.

நேர்காணலில் இரண்டு கேள்விகளை மறக்காதீர்கள். இப்போது கையில் எவ்வளவு வாங்குகிறீர்கள்? முந்தைய வேலையில் வைப்பு நிதி எண் இருந்ததா? புதிதாகச் சேர்பவரின் ஊதியம் 15,000 ரூபாய்க்கு மேல் இருந்தால் வைப்பு நிதியிலிருந்து விலக்கு உண்டு என்று பலர் நினைக்கிறார்கள். ஏற்கெனவே உறுப்பினராக இருப்பவருக்கு அந்த விலக்கு கிடையாது.

அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்வது, முன்பணம் கேட்பது, முதல் மாதத்தைச் சம்பளமில்லாப் பயிற்சி என்பது ஆகியவற்றை நான் எந்த அலுவலகத்துக்கும் எழுதித் தருவதில்லை. வேலை செய்த நாளுக்குச் சம்பளம் உண்டு, அது பயிற்சி நாளாக இருந்தாலும்.

9. முதல் மாதத்தில் செய்ய வேண்டியவை

சேரும் நாளிலேயே நியமனக் கடிதம் கொடுங்கள். பதவி, சம்பளப் பிரிவு, நேரம், விடுப்பு, விலகல் அறிவிப்புக் காலம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். முதல் படியில் பிரித்த வேலைப் பட்டியலை அதன் பின்னிணைப்பாக வைத்தால், பிறகு "இது என் வேலையா?" என்ற பேச்சு எழாது.

ஆதாரில் உள்ளபடியே பெயரையும் பிறந்த தேதியையும் வைத்து இ.எஸ்.ஐ. பதிவைச் சேர்ந்த முதல் பத்து நாளுக்குள் முடியுங்கள். ஓர் எழுத்து மாறினாலும் பின்னால் மருத்துவமனைக் கவுன்டரில் அலைவது அவர்தான். சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் அவர் வங்கிக் கணக்கில் சேர வேண்டும், சந்தாக்கள் 15-ஆம் தேதிக்குள். சம்பளச் சீட்டில் முதலாளி பங்கையும் ஒரு வரியாகக் காட்டச் சொல்வேன். நீங்கள் அவருக்காக என்ன கட்டுகிறீர்கள் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரியும்.

மூன்றாம் மாத முடிவில் அந்தக் கோடு போட்ட நோட்டை மறுபடியும் ஒரு வாரம் எழுதச் சொல்லுங்கள், இம்முறை வரவேற்பாளரிடமே. வேலைப் பட்டியலில் இல்லாத வேலைகள் எவ்வளவு ஏறியிருக்கின்றன என்று அதில் தெரிந்துவிடும். அவற்றைக் குறையுங்கள், அல்லது சம்பளத்தைக் கூட்டுங்கள்.

அவர் விலகும் நாள் வந்தால் கணக்கை இழுத்தடிக்க வேண்டாம். புதிய ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, விலகிய இரண்டு வேலை நாளுக்குள் ஊதிய பாக்கியைக் கொடுத்துவிட வேண்டும். பயன்படுத்தாத விடுப்புக்குரிய தொகையையும் போனஸ் பங்கையும் எழுதிக் கணக்குச் சீட்டை முன்பே தயாராக வைத்திருங்கள்.